பத்தரை மணிக்குத் தரிசு

1. இறங்காத மோட்டார் சைக்கிள்

இலங்கையில் உரமும் கிடையாது, காஸும் கிடையாது, பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை என்றிருந்த அந்த வருஷத்தில், ஒரு நிலத்தைத் தரிசு என்று நான் எழுதிக் கொடுத்தேன். எழுதிய நேரத்தில் அந்த நிலத்தில் ஒன்பது வகைப் பயிர் நின்றுகொண்டிருந்தது. விவசாயப் போதனாசிரியராக முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். சொல்லிக்கொள்ளும்படியான காரியங்களும் சில செய்திருக்கிறேன். அவற்றையெல்லாம் பிரிவுபசார விழாவில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். இதை யாரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

விவசாயப் போதனாசிரியரை அலுவலகத்தில் ஏ.ஐ. என்பார்கள். நான் மாத்தளை டவுன்காரன். வாப்பாவுக்கு அங்கே மிளகு, கிராம்புக் கடை. கடைசி ஒன்பது வருஷமும் இரத்தோட்டைப் பிரிவில் இருந்தேன். நாட்டில் சாப்பாட்டுக்கே பிரச்சினை வந்ததும், ஒரு சாண் நிலமும் சும்மா கிடக்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. ஒவ்வொரு ஏ.ஐ.யும் தன் பிரிவில் உள்ள தரிசு நிலங்களைப் பட்டியல் போட வேண்டும். பயிர் செய்ய ஆர்வமுள்ள சங்கங்களுக்கு அவை பிரித்துக் கொடுக்கப்படும். படிவத்தில் பதினொரு கட்டங்கள். பத்தாவது கட்டத்தில் ‘கள விஜயம் மேற்கொள்ளப்பட்டது’ என்று அச்சடித்தே வந்திருந்தது. நாம் கையெழுத்துப் போட்டால் போதும்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப்பக்கம், தொழிலாளர் குடியிருக்கும் மூன்றாம் நம்பர் லயத்துக்கும் ஓடைக்கும் நடுவில், முன்னொரு காலத்தில் தேயிலைக் கன்று போட்ட நர்சரி இருந்தது. கைவிட்டுப் பல வருஷம். நான் போனது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி. ரோட்டோரம் முழுக்க மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை. என் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் திரும்புவதற்கு மட்டும்தான் பெட்ரோல் இருந்தது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி உதைத்து எடுப்பது பெரிய வேலை. ஓடுகிற வண்டியின் டேங்க்கின் மேலேயே படிவத்தை வைத்து, ‘தரிசு, ஏறக்குறைய அரை ஏக்கர், உரியவர் எவருமில்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். கையெழுத்தும் அங்கேயே போட்டேன். வண்டி அதிர்ந்ததால் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

2. செவ்வாய்க்கிழமை வந்த பெண்

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகம் திறக்கும்போதே ஒரு பெண் வாசலில் நின்றாள். நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிற நாளில் ஒரு தோட்டத்துப் பெண் அலுவலகத்துக்கு வருகிறாள் என்றால், அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. அவ்வளவு முக்கியமான விஷயம் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

“நான் பிலோமினா சேர். மூணாம் நம்பர் லயம். நர்சரில ஒரு கடுதாசி ஒட்டியிருக்காங்க.”

கையோடு கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். அரசாங்க அறிவித்தலைக் கிழிப்பது குற்றம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசித்ததும் சொல்லவில்லை. நர்சரி நிலம் இரத்தோட்டையில் புதிதாக முளைத்த ஒரு சங்கத்துக்குச் சோளம் பயிரிட ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னும் பத்து நாளில் பெக்கோ இயந்திரம் வந்து நிலத்தைச் சமப்படுத்தும்.

“அது தரிசு நிலம்தானே?” என்றேன்.

“யாரு சேர் சொன்னது?”

“துறையில் பதிவு இருக்கு.”

“பதிஞ்சவரு உள்ள வந்து பாத்தாரா?”

நர்சரிக் கோப்பைப் புரட்டுவது போல மேசையில் கிடந்த வேறொரு கோப்பைப் புரட்டினேன். அவள் அந்த வேறொரு கோப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பதினோரு வீட்டுக்குக் கறி அங்கேருந்துதான் சேர் வருது. பிள்ளை மடுவத்துல புள்ளைங்களுக்குக் காலைல குடுக்குற இலைக்கஞ்சியும் அதுலதான். மாவும் இல்ல, பருப்பும் வாங்க ஏலாது. இதையும் பெக்கோ தள்ளிடிச்சின்னா நாங்க என்னத்தத் திங்கிறது?”

பிள்ளை மடுவம் என்பது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். உணவுப் பற்றாக்குறையைப் போக்கத்தான் இந்தத் திட்டமே என்று அவளுக்கு விளக்கினேன். நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

“நாளைக்கு வந்து பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு?”

“பத்து மணிக்கு யாரு சேர் இருப்பா? மலையில நிப்போம். அஞ்சரைக்கு வாங்க.”

நாலே கால் மணிக்கு எங்கள் அலுவலகம் மூடும். முப்பது வருஷ சேவையில் ஐந்தரை மணிக்கு நான் பார்த்த ஒரே பயிர் என் வீட்டுப் பாவற்கொடி.

3. ஐந்தரை மணி

புதன்கிழமை பஸ்ஸில் போனேன். மூன்றாம் நம்பர் லயத்தடியில் பிலோமினாவும் தங்கமணி என்ற இன்னொருத்தியும் நின்றார்கள். தங்கமணிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கொழுந்துச் சாக்கை இடுப்பிலிருந்து இன்னும் அவிழ்க்கவில்லை. மானாப்புல்லை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, “குனிஞ்சு வாங்க சேர். தொரை ஜீப்பு வார நேரம்” என்றாள். தொரை என்பது தோட்டத்து மனேஜர்.

குனிந்தேன். அரசாங்க உத்தியோகத்தன் ஒருவன் கள விஜயத்தைக் குனிந்துகொண்டு மேற்கொள்வது அதற்குமுன் நடந்திருக்காது. புல் நாலடி அகலம்தான். அதைத் தாண்டியதும் வரிசை வரிசையாகப் பாத்திகள். வல்லாரை, கங்குன், பொன்னாங்காணி. ஓடைப் பக்கம் சேம்பு. மேட்டில் மரவள்ளி. போஞ்சிக்குக் கம்பு நட்டிருந்தார்கள். கத்தரி, கறிமிளகாய், பூசணி. ஒன்பதாவது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். உரமில்லாத வருஷத்தில் என் பிரிவில் இப்படிப் பச்சையாக ஒரு போஞ்சியை நான் பார்த்திருக்கவில்லை. மாட்டுச் சாணியும் தேயிலைத் தூளும் அடுப்புச் சாம்பலும் போட்டிருந்தார்கள். கூட்டெரு செய்வது எப்படி என்று அந்த வருஷம் நான் இருபது கூட்டம் நடத்தியிருந்தேன். எல்லாம் காலை பத்து மணிக்கு. வந்ததெல்லாம் ஆண்கள். அவர்களில் பாதிப்பேர் தேத்தண்ணிக்கு வந்தவர்கள்.

பதினொரு பெண்களும் அங்கே இருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கட்டினாள். இரண்டு பேர் கீரை அரிந்தார்கள். விடியற்காலையில் ஆறு மணிக்குத் தேயிலை மலை, மாலையில் இருட்டும்வரை இது. யாரும் நிமிர்ந்து நிற்கவில்லை. வேலைக்காகக் குனிந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் எடுக்கப் போனவளும் குனிந்தே போனாள்.

“முந்தின தொரை காலத்துல ஒருக்கா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டாங்க சேர்,” என்றாள் தங்கமணி. “தோட்டத்து நெலத்துல கள்ளத்தனமா வெள்ளாமன்னு. அதுக்குப் பொறகு முன்னால புல்ல வளர விட்டோம். ரோட்லேருந்து பாத்தா காடு மாதிரித் தெரியணும். தல தெரியாம இருக்கணும்.”

“காடு மாதிரித்தான் தெரியுது,” என்றேன்.

“அப்பிடித் தெரியணும்னுதான் வச்சோம். ஆனா ஏ.ஐ. சேருக்கும் அப்பிடியே தெரியும்னு நாங்க நெனைக்கல.”

அரிந்த வல்லாரையை ஒருத்தி கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கிழிந்த கொழுந்துச் சாக்கிலிருந்து உருவிய நீல நூலால் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் இரத்தோட்டைச் சந்தையில் இரண்டு கட்டு வல்லாரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். என் மனைவி அந்த நீல நூலைச் சேர்த்து வைத்து, பாவற்கொடிக்குப் பந்தலே கட்டியிருந்தாள். ஒரு பந்தல் கட்டும் அளவுக்கு இந்த நிலத்துக் கீரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதைத் தரிசு என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. “எழுதினது நான்தான்,” என்று சொன்னேன்.

“தெரியும் சேர்,” என்றாள் பிலோமினா. “ஆபீஸ்லயே தெரிஞ்சிச்சு. நீங்க பொரட்டினது உரப் பட்டியல் ஃபைலு.”

4. ஏ.டி. மாத்தயாவின் யோசனை

எனக்கு மேலே இருந்தவர் உதவிப் பணிப்பாளர். எல்லோருக்கும் அவர் ஏ.டி. மாத்தயா, அதாவது ஏ.டி. ஐயா. நல்ல மனிதர். ஆனால் எழுதப்பட்ட எதையும் அழிக்க விரும்பாதவர். சிங்களத்தில்தான் பேசினோம். இங்கே தமிழில் தருகிறேன்.

“தரிசுப் பட்டியலில் ஏறியதை இறக்க எனக்கு அதிகாரம் இல்லை. குழு வந்து பார்க்க வேண்டும்.”

“எப்போது வரும்?”

“அடுத்த வியாழக்கிழமை. காலை பத்து மணி.”

“மாலை ஐந்தரைக்கு வர முடியாதா?”

நான் ஏதோ கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி அவர் சிரித்தார். பிறகு, எதற்காக மீள்பரிசீலனை என்று எழுத்தில் காரணம் வேண்டும் என்றார். ‘இடைப்பட்ட காலத்தில் பயிர்ச்செய்கை ஆரம்பிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால் யாருக்கும் பாதிப்பில்லை என்று யோசனையும் சொன்னார்.

நல்ல யோசனைதான். ஆனால் மூன்று வாரத்தில் மரவள்ளி அந்த உயரத்துக்கு வளராது. யாராவது ஒரு கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தால் போதும், பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்றாகிவிடும். என் பெயர் அப்போது முதலாம் வகுப்புப் பதவி உயர்வுக்கான பட்டியலில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘குறித்த தினத்தில் நான் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. நிலத்தைப் பார்க்கவில்லை. புல்லைத்தான் பார்த்தேன்.’

ஏ.டி. மாத்தயா அதை இரண்டு தடவை வாசித்தார். “இப்படியெல்லாம் எழுதுவார்களா?” என்றார்.

என் சொந்தக் கோப்பில் அது இன்னும் இருக்கிறது. பதவி உயர்வு நான் ஓய்வு பெற்ற பிறகும் வந்து சேரவில்லை.

5. புல்லை வெட்டுவதா

வியாழக்கிழமை குழு வருகிறது என்று சொல்ல சனிக்கிழமை மாலை போனேன். குழுவில் இருப்பவர்களும் ரோட்டிலிருந்துதான் பார்ப்பார்கள், புல்லை வெட்டினால்தான் பாத்தி தெரியும் என்றேன்.

தங்கமணி மறுத்துவிட்டாள். “புல்ல வெட்டினா தொரைக்குத் தெரியும். தொரைக்குத் தெரிஞ்சா அவரு புடுங்குவாரு. வெட்டலைன்னா பெக்கோ புடுங்கும். எது புடுங்கினாலும் எங்க வயித்துலதான். அதுல என் கையால வேற வெட்டணுமா?”

“பெக்கோ வாரது நிச்சயம்க்கா,” என்றாள் பிலோமினா. “தொரை புடுங்குறது நிச்சயமில்ல.”

“ஒனக்கென்ன தெரியும்? அந்தத் தடவ புடுங்கினப்ப நான் நின்னேன். காச்சிருந்த கத்தரிய மிதிச்சுக்கிட்டுப் போனாங்க.”

“அப்ப நீங்க தனியா நின்னீங்க. இப்ப நாங்க பதினோரு பேரு நிக்கிறோம்.”

என்னைக் கேட்டார்கள். துரை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது என் துறை சார்ந்த கேள்வியும் அல்ல. ஆனாலும் அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, நான் வண்டியிலிருந்து இறங்காத ஐந்து நிமிஷத்துக்கு இந்தப் பெண்கள் எவ்வளவு பெரிய முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புல்லை வெட்டிவிட்டார்கள். முதல் கத்தியைப் போட்டது தங்கமணிதான் என்று பிறகு தெரிந்தது. திட்டிக்கொண்டே வெட்டினாளாம்.

6. தரிசு நிலத்து மரவள்ளி

வியாழக்கிழமை பத்தரைக்குக் குழு வந்தது. ஏ.டி. மாத்தயா, காணிப் பகுதி உத்தியோகத்தர் ஒருவர், சோளம் போட வந்த சங்கத்தின் தலைவர். பாத்திகள் ரோட்டிலிருந்தே தெரிந்தன. ஆனால் ஆள் ஒருவரும் இல்லை. எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

“பயிர் இருக்கிறது. பயிரிட்டவர் எங்கே?” என்றார் காணி உத்தியோகத்தர். படிவத்தில் விவசாயியின் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் நிலம் உரியவர் இல்லாத நிலம்தான்.

“இதெல்லாம் தானா மொளச்சதா இருக்கும்,” என்றார் சங்கத் தலைவர். போஞ்சிக்கு நட்ட கம்பும் தானாக முளைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பகல் கொழுந்து நிறுவைக்குப் பெண்கள் கீழே இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை குழுவை நிறுத்தி வைக்க வேண்டும். பிள்ளை மடுவத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று கூட்டிப் போனேன். அங்கிருந்த ஆயா ஏற்கெனவே அடுப்பில் ஒரு பெரிய சட்டியை ஏற்றியிருந்தாள். அவித்த மரவள்ளி, கொச்சிக்காய்ச் சம்பல், வெறும் தேத்தண்ணி. அந்த வருஷத்தில் வயிறு நிறையச் சாப்பிடக் கொடுத்தால் எந்தக் குழுவும் நகராது. சங்கத் தலைவர் மூன்று துண்டு சாப்பிட்டார். நல்ல மாவாக இருக்கிறதே, எந்த ஊர்க் கிழங்கு என்று கேட்டார்.

“முன்னால இருக்குற தரிசு நெலத்துக் கிழங்குங்கய்யா,” என்றாள் ஆயா.

பெண்கள் வந்தார்கள். நிறுவைக்குப் போகாமல் நேராக மடுவத்துக்கு வந்துவிட்டார்கள். பிந்திப் போனால் கங்காணி கொழுந்தைக் கழித்துப் போட்டு அரைப்பேர்தான் போடுவார், அதாவது அரைநாள் கணக்கு. தெரிந்துதான் வந்தார்கள். காணி உத்தியோகத்தர் பேனாவைத் திறந்து, பிலோமினாவிடம் புருஷன் பெயரைக் கேட்டார்.

“அவரு கொழும்புல வேலை சேர். நர்சரி எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது. அவரு பேரு எதுக்கு?”

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தை வாங்கி, விவசாயியின் பெயர் என்ற இடத்தில் ‘பின்பக்கம் பார்க்க’ என்று எழுதினேன். பின்பக்கம் திருப்பிப் பதினொரு பெயரையும் வரிசையாக எழுதினேன். தொழில் என்பதற்குத் தேயிலைத் தொழிலாளி என்று போட்டுவிட்டு, ஒரு காற்புள்ளி வைத்து விவசாயி என்றும் சேர்த்தேன். ஆறாவது பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே ஜீப் நின்ற சத்தம் கேட்டது.

துரை இறங்கினார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் தண்ணீர்பட்டபாடு. குழுவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பெண்களைப் பார்த்தார்.

“புல்ல யாரு வெட்டச் சொன்னது?”

தங்கமணியின் கை சாக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் சொன்னேன் என்றேன்.

“ஆறு வருஷமா இந்த ரோட்ல போறேன்,” என்றார் துரை. “புல்லு இருந்திச்சு. புல்லு இருந்தா நான் ஒண்ணும் பாக்கல. ஹெட் ஆபீஸ்ல கேட்டா, நர்சரி காடாப் போச்சுன்னு சொல்லுவேன். இப்ப என்னத்தச் சொல்றது?”

“தொரைக்கு முந்தியே தெரியுமா?” என்று கேட்டாள் பிலோமினா.

“பங்களாவுக்கு வல்லாரை எங்கேருந்து வருது? வானத்துலேருந்தா? அப்பு ஒங்ககிட்டத்தானே வாங்குறான்.”

அப்பு என்பது பங்களாச் சமையற்காரர். தங்கமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆறு வருஷமா குனிஞ்சே நடந்தோமே தொரை,” என்றாள். “இடுப்பே போச்சே.”

அழுதாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. துரை வேறு பக்கம் பார்த்தார். தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தேன், சாப்பிட்டுக்கொண்டே தெரியாமல் இருந்தவன் நான். கோபப்பட எனக்கு முறையில்லை.

புல் வெட்டியாயிற்று, இனித் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று பிடுங்க வேண்டும், இல்லையென்றால் கொடுக்க வேண்டும். பிள்ளை மடுவத்துக் கஞ்சிக்கான கீரைத் தோட்டம் என்று எழுதினால் தலைமை அலுவலகம் என்ன சொல்லும் என்று துரையைக் கேட்டேன். அவர் சட்டியில் மிச்சமிருந்த மரவள்ளியைப் பார்த்தார். பிறகு ஏ.டி. மாத்தயாவிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, அதே மேசையில் அனுமதிக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். பதினொரு பெயரும் அதிலும் ஏறின. சங்கத் தலைவருக்கு வேறு நிலம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. பிறகு கொடுத்த அந்த நிலத்தை இந்தத் தடவை நான் வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தேன்.

போகும்போது துரை ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: “புல்லு திரும்ப வளரட்டும். ரோட்ல போறவனெல்லாம் கேள்வி கேப்பான்.”

அன்றைக்குப் பதினொரு பேருக்கும் அரைப்பேர்தான் விழுந்தது. அதைப் பற்றித் துரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து அந்தப் பதினொரு விவசாயிகளுக்கும் வீட்டுத்தோட்டப் பயிற்சி வகுப்புக்கு அழைப்புக் கடிதம் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கீழே என் கையெழுத்து. இந்தத் தடவை கோணலாக இல்லை.

7. விசேட குறிப்பு

ஓய்வு பெறும்போது பிரிவைக் கையளிக்கும் கோப்பில் ‘விசேட குறிப்பு’ என்று ஒரு பக்கம் உண்டு. வழக்கமாக அதை எல்லோரும் வெறுமையாக விடுவார்கள். நான் இரண்டு வரி எழுதினேன்: ‘இப்பிரிவில் விவசாயிகளைச் சந்திக்க மாலை ஐந்தரைக்குப் போகவும். புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.’ இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் உள்ள புத்திமதியும் இவ்வளவுதான். சோறு எங்கேயிருந்து வருகிறது என்று சாப்பிடுகிறவன் கேட்டிருக்க வேண்டும். நான் ஒன்பது வருஷம் சந்தையில் கீரை வாங்கினேன், ஒரு நாளும் கேட்கவில்லை.

கடைசி வாரம் விடைபெறப் போனேன். ஐந்தரை மணி. மானாப்புல் பழையபடி ஆள் உயரத்துக்கு நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் சுத்தமான தரிசு. தங்கமணி வந்து புல்லை விலக்கிப் பிடித்தாள். நான் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தேன்.

“நிமிந்து வாங்க சேர்,” என்றாள். “கடுதாசி இருக்கு.”